மூடாத மூடி

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அதிலும் மெஷின் மக்கர் பண்ணினால் கேட்கவே வேண்டாம். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு வருடக்கணக்காக ஓட்டுகிறவன் என்பதால், மொரப்பூர் வட்டாரத்தில் எனக்குத் தெரியாத கோளாறு இல்லை என்கிற நினைப்பு வேறு.

அந்த லேப்டாப்பில்தான் என் மனைவி ஆசிரியர் வேலைக்கான மாதிரித் தேர்வுகளை எழுதிப் பழகினாள். அவள் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆனால் போதும், திரை அணைந்து மெஷின் தூங்கிவிடும். எழுப்பினால் தேர்வு மறுபடி முதலிலிருந்து. நான் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் ஒன்றும் ஆகாது. தூங்கும் நேரத்தை மாற்றினேன், பேட்டரி அமைப்புகளை மாற்றினேன், லினக்ஸின் அடித்தளமான கெர்னலையே புதிதாகப் போட்டேன். ம்ஹூம். அவள் வைத்த கறிவேப்பிலைக் கன்றுகள் இரண்டும் அப்போதுதான் பட்டுப்போயிருந்தன. "உனக்குக் கைராசி இல்ல, அவ்ளோதான்," என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பத்துக் கேள்விகள் பாக்கியிருக்கும்போது மறுபடி தூங்கிவிட்டது. மெஷின் தன்னைப்பற்றித் தானே எழுதிவைக்கும் லாக்கைத் திறந்து பார்த்தேன். தூங்கிய ஒவ்வொரு தடவையும் ஒரே வரிதான்: மூடி மூடப்பட்டது. திரையுள்ள மூடியைச் சாத்தினால் மெஷின் தூங்கப் போய்விடும். நீதான் மூடியிருக்கிறாய் என்றேன். மூடவில்லை என்றாள். மெஷின் பொய் சொல்லாது என்று கத்தினேன்.

அவள் எழுந்து போய்த் துணி மடித்தாள். தேர்வுக்கு விண்ணப்பிக்க இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. நினைவுபடுத்தினேன்.

"நான் போடலைங்க. கைராசி இல்லாதவ பரீச்ச எழுதி என்னாங்க ஆவப்போவுது?"

எனக்குச் சுருக்கென்றது. சொன்ன வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? கெஞ்சிக் கூத்தாடி அவளை மறுபடி உட்காரவைத்து, நானும் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். நீளமான கேள்வி ஒன்று வந்தது. படிப்பதற்காக இடது கையைக் கீபோர்டுக்குக் கீழே ஓரமாக வைத்தாள். திரை அணைந்தது. மூடியோ ஆவென்று திறந்துதான் இருந்தது. லாக்கைப் பார்த்தால், மூடி மூடப்பட்டது.

அப்போதுதான் உறைத்தது. மூடியிருக்கிறோமா திறந்திருக்கிறோமா என்பது மெஷினுக்குக் கண்ணால் தெரியாது. மூடிக்குள் சின்னக் காந்தம் இருக்கும். அது கீழே கீபோர்டு ஓரத்துக்கு நெருங்கி வந்தால் மூடிவிட்டார்கள் என்று மெஷின் நினைத்துக்கொள்ளும். அவள் இடது மணிக்கட்டில் காந்தக் காப்பு கிடந்தது. கழற்றச் சொல்லி, காப்பை மட்டும் அதே இடத்தில் வைத்தேன். தூங்கியது. எடுத்துவிட்டுத் தட்டினேன். விழித்துக்கொண்டது.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் நான் சிரித்தேன். அவள் காப்பை உருட்டி உருட்டிப் பார்த்தாள். ஒகேனக்கல் போயிருந்தபோது, மணிக்கட்டு வலிக்கு நல்லது என்று பேரம் பேசி நான் வாங்கி, என் கையாலேயே போட்டுவிட்டது.

"இப்பச் சொல்லுங்க, யாருக்குங்க கைராசி இல்ல?"

எனக்குத்தான் என்றேன். நீ மூடவில்லை, தப்பு என்மேல்தான் என்றும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக் காப்பை மாட்டிவிட்டாள். பரீட்சை முடிகிற வரைக்கும் கழற்றக் கூடாதாம்.

அன்று சாயங்காலமே அவள் தனியாக உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். காப்புக் கையோடு எட்டிப் பார்க்கலாம் என்று போனேன். தலையைத் தூக்காமலே தள்ளிப் போகச் சொன்னாள்.