நடுவில் ஓர் அரோகரா

இசைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் பத்து நிமிடம் பாடி வீடியோ அனுப்பவேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது, வேறு யார் குரலும் கேட்கக் கூடாது. நானோ தொண்டைக்கட்டு என்று சாக்குச் சொல்லிச் சொல்லிக் கடைசி நாளில் வந்து நின்றேன். மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாகவேண்டும். அன்று பார்த்துப் பௌர்ணமி.

வேங்கிக்காலில் எங்கள் வீடு பெரிய ரோட்டை ஒட்டியது. கிரிவலத்துக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, கூட்டம் கூட்டமாக எங்கள் ஜன்னலைத் தாண்டித்தான் போவார்கள்.

"இந்த சீட்டு கிடைக்கலன்னா பி.காம்தான். அப்ளிகேஷன் போட்டுட்டேன்" என்று ஒரு மாதமாக மிரட்டிக்கொண்டிருந்த அப்பாவே, கலெக்டர் ஆபீஸ் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னலைச் சாத்தி ஃபேனையும் நிறுத்தியாயிற்று. பட்டுப்புடவைக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன்.

ஆறாவது நிமிடம், ஆலாபனை நன்றாக ஏறிக்கொண்டிருந்தபோது, தெருவில் யாரோ "அண்ணாமலையாருக்கு" என்றார். செல்போனுக்குப் பின்னாலிருந்து அப்பா அடிவயிற்றிலிருந்து "அரோகரா" என்றார்.

"என்னப்பா நீங்க?"

"வாய் தானா வந்துடுச்சும்மா. பொறந்ததுலேர்ந்து சொல்றது."

இரண்டாம் தடவை வாயில் துண்டை அடைத்துக்கொண்டார். எட்டாவது நிமிடம் தெருக்குரலுக்குச் சமையலறையிலிருந்து அம்மா அரோகரா சொன்னாள். வந்த ஆத்திரத்தில், பெற்றவர்கள் என்றுகூடப் பார்க்காமல் இரண்டு பேரையும் திட்டினேன். செல்போனை ஒரு டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு அவர்களை மொட்டைமாடிக்கு விரட்டினேன்.

மணி நாலரை. இதுதான் கடைசி. மேல் ஷட்ஜத்தில் கண்மூடி நிற்கிறேன், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மறுபடியும் "அண்ணாமலையாருக்கு".

"அரோகரா" என்றது சாட்சாத் நானேதான்.

எப்படியோ விட்ட இடத்தைப் பிடித்துப் பாடி முடித்துவிட்டு அழுதேன். அப்பா இறங்கி வந்து போட்டுக் கேட்டார். தெருக்குரல் பதிவாகவில்லை, என் அரோகரா மட்டும் கணீரென்று இருந்தது. விதிமுறையை ஃபைல் பார்ப்பதுபோல இரண்டு தடவை படித்தார்.

"வேற யார் குரலும் கேக்கக் கூடாதுன்னுதான போட்டிருக்கு. இது உன் குரல்தான? சுருதியிலதான் சொல்லியிருக்க. அனுப்பு."

நேர்காணலில் தேர்வுக் குழுவில் இருந்த பேராசிரியை முதலில் கேட்டதே அந்த அரோகராவைப் பற்றித்தான். "எங்க ஊர்ல தெருவுல யாராவது 'அண்ணாமலையாருக்கு'ன்னா பதில் சொல்லாம இருக்க முடியாதுங்க" என்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். சீட்டு கிடைத்தது.

வெளியே காத்திருந்த அப்பாவிடம் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"பி.காமுக்கு வர மாட்டேன்னு அந்தக் காலேஜ்ல சொல்லிடுங்கப்பா."

"நான் எங்க போட்டேன் அப்ளிகேஷன்? உனக்குக் கணக்கு வராதுன்னு எனக்குத் தெரியாதா?"