சுறாவும் மல்லிகையும்

பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், பினாங்கில் எச்.ஐ.வி. கண்ட கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் வீட்டுக்கே போய்ப் பார்த்துவரும் ஒரு சிறிய குழுவில் இருந்தேன். அந்த வேலையில் பாதி பொய்தான். நாங்கள் யார், எதற்காக வருகிறோம் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் போதும், அந்தக் குடும்பம் ஒரே வாரத்தில் வீடு மாற்ற வேண்டியிருக்கும். அதனால் ஒருத்தி காப்புறுதி விற்கிறவளாகப் போவாள், இன்னொருத்தி தூரத்துச் சொந்தமாகப் போவாள். நான் தையல் டீச்சர். கழுத்தில் அளவு டேப், பையில் ரவிக்கைத் துணி, துணிக்கு அடியில் மாத்திரை. ஊசியில் நூல் கோக்கத் தெரியும், அதற்கு மேல் எனக்குத் தையல் தெரியாது.

வார நாட்களில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. அப்பாவும் குமாஸ்தா, தாத்தாவும் குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் ஆட்கள் இங்கே கப்பலேறி வந்ததே கையெழுத்து அழகாக இருந்ததால்தான் என்று வீட்டில் சொல்வார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கோயில் கமிட்டியில் சண்டை போட்டு வெளியே வந்திருந்தேன். சனிக்கிழமை சும்மா இருந்தால் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன் என்பதால் இந்தக் குழுவில் சேர்ந்தேன். தொண்டு மனம் என்று யாராவது என்னைப் புகழ்ந்தால் எரிச்சல்தான் வரும்.

நான் சொல்லப்போகிற பெண் ஜெலுத்தோங்கில் ஒரு பிளாட்டில் எட்டாவது மாடியில் இருந்தாள். வயது இருபத்திரண்டு. புருஷன் லாரியில் கூலியாள், ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவன். அவன் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோதுதான் இவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அப்போது எட்டு மாத வயிறு. நோய் இருக்கிறது என்று அவளுக்குச் சொன்ன அதே வாரத்தில் அவன் போய்விட்டான்.

வீட்டில் மாமியார் மட்டும். நிபோங் திபால் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர், மகனுக்குத் துணையாக டவுனுக்கு வந்தவர். மகன் நெஞ்சுச் சளியில் செத்தான் என்றே நம்பிக்கொண்டிருந்தார். முதல் நாளே அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அத்தைக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்னைய வெளிய தள்ளிடுவாங்க. புள்ளையையும் தொட மாட்டாங்க. சத்தியம் பண்ணுங்கக்கா."

சத்தியம் பண்ணினேன். அந்த மாமியாரை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். வெற்றிலைக் கறை படிந்த பல், கணீர்க் குரல், எதற்கெடுத்தாலும் ஓர் அதட்டல். பார்த்த உடனேயே இவருக்கு ஒன்றும் புரியாது என்று முடிவு கட்டிவிட்டேன். படிக்காத தோட்டத்துக் கிழவி என்று எனக்கு எண்ணம். அந்த எண்ணத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கான மாத்திரை அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்க ஆரம்பித்திருந்தது. இவளுக்குக் கடைசி சில வாரங்கள்தான் கொடுக்க முடிந்தது. ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளைக்கு நோய் வந்திருக்கிறதா என்று உடனே தெரியாது. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் தாயின் அடையாளம் கலந்திருக்கும், ஒன்றரை வயதுக்குப் பிறகு பார்த்தால்தான் நிச்சயம் என்றார் டாக்டர். அதுவரை எங்கள் கையில் இருந்தது ஒன்றே ஒன்று. தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. பாலிலும் நோய் போகும்.

பால்மாவு நாங்கள் கொடுத்தோம். ஆனால் பெற்றவள் ஏன் பால் கொடுக்கவில்லை என்று வீட்டில் கேட்பார்களே, அதற்கு என்ன பதில்? எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் ஒரு தாளில் சில பதில்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மார்பில் புண் என்று சொல்லலாம், மருந்து சாப்பிடுகிறாள் என்று சொல்லலாம், இப்படி. எனக்கு அது எதுவும் பிடிக்கவில்லை. புண் என்றால் காட்டு என்பார்கள், மருந்து என்றால் எதற்கு மருந்து என்று தோண்டுவார்கள். நம் ஆட்களைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும் என்று நானே ஒரு பதிலைக் கண்டுபிடித்தேன். பால் சுரக்கவில்லை. அவ்வளவுதான். யார் மேலும் குற்றமில்லை, ஒளிக்க ஒன்றுமில்லை. குழுவில் எல்லாரும் தலையாட்டினார்கள். நான் கொஞ்சம் பூரித்துத்தான் போனேன்.

பிள்ளை பிறந்த எட்டாம் நாள் போனேன். கதவைத் திறந்ததும் மீன் வாடையும் பூண்டு வாடையும் முகத்தில் அடித்தன.

"வாங்க டீச்சர். புள்ளைக்குப் பால் இல்லைங்கிறா. அதெப்படி இல்லாம போவும்? நான் ஊற வைக்கிறேன் பாருங்க லா. பாசார்ல மீன்கடைச் சீனத் தவுக்கே கிட்ட சொல்லி வச்சி, விடியக்காலையில போயி பால் சுறா வாங்கியாந்தேன். மூணு நாளா புட்டு வச்சிக் குடுக்குறேன்."

பால் சுரக்கவில்லை என்று ஒரு தமிழ் வீட்டில் சொன்னால் அடுத்து என்ன நடக்கும்? சுறாப் புட்டு நடக்கும். உரித்த பூண்டு, வெந்தயக் கஞ்சி, முருங்கைக் கீரை எல்லாம் வரிசையாக நடக்கும். என் சொந்த அக்காவுக்குப் பால் குறைந்தபோது அம்மா சுறா வறுத்த நாற்றத்தில் நான் இரண்டு வேளை பட்டினி கிடந்தவள். அது எப்படி எனக்கு மறந்து போனது? மறக்கவில்லை. என் சாமர்த்தியத்தில் மயங்கி யோசிக்காமல் விட்டேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

அறைக்குள் அந்தப் பெண் படுத்திருந்தாள். மார்பு கல்லாகக் கட்டியிருந்தது, ரவிக்கை நனைந்திருந்தது. மாமியார் தூங்கும்போது குளியலறையில் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டு வருகிறாளாம். பீய்ச்சினால் இன்னும் ஊறும் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

"சாப்புடலைன்னா அழுவுறாங்கக்கா. மவன் போயிட்டான், இந்தப் பேரனையாச்சும் நல்லா வளக்கணும்னு சொல்லிச் சொல்லி ஊட்டுறாங்க. எப்புடி வேணாம்னு சொல்றது?"

அவருடைய கோபத்துக்குத் தயாராகத்தான் நாங்கள் போயிருந்தோம். பாசத்துக்கு எங்கள் தாளில் பதில் இல்லை.

பாலை வற்ற வைக்கவும் நம் பெண்களிடம் ஒரு வழி உண்டு. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவது. அது எந்த அளவுக்குப் பலிக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் கையில் வேறு வழி இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், வேலை முடிந்ததும் கோயில் பக்கம் பூக்கடையில் நான்கு முழம் வாங்குவேன். எனக்குப் பூ வைக்கும் பழக்கம் கிடையாது. பூக்காரர் ஒரு மாதிரி சிரிப்பார், முறைத்துவிட்டு வருவேன். பூவை ரவிக்கைத் துணியில் சுருட்டிப் பைக்குள் வைத்து ஜெலுத்தோங் பஸ் ஏறுவேன். அளவெடுக்கிறேன் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பூவை வைத்து அவளுக்குக் கட்டிவிடுவேன். மார்பு வலியில் பல்லைக் கடித்துக்கொள்வாள். வெளியே மாமியார் அடுத்த சுறாவுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருப்பார். ஒரே உடம்பில் அவர் ஒரு பக்கம் ஊற வைக்க, நான் ஒரு பக்கம் வற்ற வைக்க, நடுவில் அவள் கிடந்தாள்.

ஆனாலும் பால் குறைந்துகொண்டுதான் வந்தது. பிள்ளை புட்டியில் குடித்தது. மூன்று வாரம் இப்படியே தள்ளிவிட்டோம்.

முப்பதாம் நாள் தீட்டுக் கழிப்பது எங்கள் வழக்கம். துக்க வீடு என்பதால் யாரையும் அழைக்கவில்லை, தையல் டீச்சரைத் தவிர. காலையிலேயே போய்ப் பூவைக் கட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். மருமகளுக்குத் தானே தலைக்கு ஊற்ற வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. வழக்கமாகச் சாயங்காலம்தான் ஊற்றுவார், அதற்குள் அவள் பூவை எடுத்து ஒளித்துவிடுவாள். அன்றைக்கு நல்ல நேரம் காலையில் இருந்தது. வெந்நீர் வாளியோடு அறைக்குள் போய்விட்டார்.

முதலில் சத்தமே இல்லை. பிறகு பளாரென்று ஓர் அறை.

"தாலிய எறக்கி ரெண்டு மாசம் ஆவல. உள்ளுக்குள்ள பூவா? எவனுக்குடி? எவன் வாங்கிக் குடுத்தான் இந்தப் பூவ?"

எழுந்து வாசல்படியில் போய் நின்றேன். தரையில் பூ சிதறிக் கிடந்தது. அவள் ஈரத் துணியோடு சுவரில் சாய்ந்திருந்தாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்னை மட்டும்தான் பார்த்தாள்.

நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் பாலை நிறுத்தச் சொன்னார் என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாம், நோயின் பெயரைச் சொல்லாமலே. சத்தியம் பண்ணியிருந்தேன் என்பது இப்போது நான் சொல்லிக்கொள்கிற சமாதானம். உண்மையில் பயந்துவிட்டேன். ஊரெல்லாம் பொய் சொல்லித் திரிந்தவளுக்கு அந்த நேரத்தில் ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மரமாக நின்றேன்.

"அவனுக்காகத்தான் பால் இல்லைன்னு சொன்னியா? ஒழுங்கானவளா இருந்தா புள்ளைக்குக் குடு. என் கண்ணு முன்னால குடு."

பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் போட்டார். அது வாய் வைத்ததும் இழுத்துக் குடிக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்து, மகன் பெயரைச் சொல்லி அழுதார்.

பதினாறு நாள் அவள் பால் கொடுத்தாள். மாமியார் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. பதினேழாம் நாள் மார்பில் கட்டி வந்து, சீழ் பிடித்து, காய்ச்சலில் விழுந்தாள். கிளினிக்கில் இருந்து வந்த நர்ஸ் மிஸ்ஸி புண்ணைப் பார்த்துவிட்டு, இனிமேல் பால் கொடுக்கக் கூடாது என்றாள்.

"அப்பிடியா மிஸ்ஸி? சரி, சரி, வேணாம்" என்றார் மாமியார். உடனே புட்டியைக் கழுவப் போய்விட்டார்.

ஒரு கேள்வி இல்லை. காட்டு என்றும் சொல்லவில்லை, தோண்டவும் இல்லை. மார்பில் புண். நான் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தத் தாளில் முதல் வரியாக இருந்தது அதுதான்.

ஒன்றரை வருடம் காத்திருந்தோம். இதற்குள் அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். முடிவு வாங்கப் போன நாளில் பிள்ளையை நான்தான் தூக்கிக்கொண்டேன், அவளால் முடியவில்லை. பிள்ளைக்கு நோய் இருந்தது. வயிற்றிலேயே வந்ததா, பிறக்கும்போது வந்ததா, பாலில் வந்ததா என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் நான் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கக்கா" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்: "அந்தப் பதினாறு நாளுதான்கா அவன் எங்கிட்ட பசியாறுனான். பாவின்னு தெரியும். ஆனா சந்தோசமா இருந்திச்சி."

அன்றைக்கு நான் அழுதேன். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள்.

பிள்ளைக்கு இரண்டு வயது முடியும் முன்பே அவள் போய்விட்டாள். போவதற்கு முன், பிள்ளைக்கு மருந்து கொடுக்க ஆள் வேண்டுமே, அத்தையிடம் சொல்லிவிடுங்கள் என்று சத்தியத்திலிருந்து என்னை விடுவித்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் போனேன். பிள்ளை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. மகனுக்கு வந்த நோயிலிருந்து ஆரம்பித்துப் பிள்ளைக்கு வந்தது வரை சொன்னேன். கத்துவார், என்னை வெளியே தள்ளுவார் என்று எதிர்பார்த்து வாசல் பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

"டீவியில சொன்னாங்க, தாய்ப்பால்லயும் வரும்னு. நான் குடுக்க வச்ச பாலா டீச்சர்?"

"இல்லம்மா. வயித்துலயே வந்துடுச்சி."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான்."

அந்த வீட்டில் நான் சொன்ன கடைசிப் பொய் அது. அதற்காக மட்டும் நான் வருத்தப்படவில்லை.

அவர் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அப்ப அந்தப் பூவு... பால வத்த வைக்கவா?"

"ஆமாம்மா."

"யாரு வாங்கியாந்தது?"

"நான்தான்."

"நான் அவள அறைஞ்சப்ப நீங்க அந்த வாசப்படியிலதானே நின்னீங்க."

நான் அந்த வாசல்படியைப் பார்த்தேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர். நானே பூ வாங்கியாந்து கட்டி விட்டிருப்பேனே."

உண்மையிலேயே கட்டிவிட்டிருப்பாரா, இல்லை அந்தப் பெண் பயந்தபடி இரண்டு பேரையும் வெளியே தள்ளியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவள் உயிரோடு இருந்தபோது அவரிடம் பேசிப் பார்க்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.