மைக் தன் மகளுக்குப் பார்த்த பள்ளி

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் தெருவில் யாருக்கும் நினைவில்லை. மெத்தைக் கடை வேனில் மைக்கைப் பிடித்து உட்கார்ந்து, "வாங்க, வந்து படுத்துப் பாருங்க" என்று தெருத் தெருவாகக் கூவிய நாளிலிருந்து அவர் மைக்தான். அதற்கு முன்னால் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்றார். அதற்கும் முன்னால் என்ன விற்றார் என்பது கட்டிய மனைவிக்கே தெரியாது. எதை விற்றாலும் ஒரே குரல்தான். வெண்ணெயில் முக்கி எடுத்த குரல். அந்தக் குரலைக் கேட்டுச் சொக்கிப்போன ஒரு நர்சிங் பள்ளி முதலாளி, அவரைக் கையோடு கூட்டிப்போய், கழுத்தில் ஒரு டையைக் கட்டிவிட்டு, 'அட்மிஷன் ஆபீசர்' என்று மேஜையில் பலகையும் வைத்துவிட்டார். மனிதருக்கு நர்சிங்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்கு ஊசியை எடுத்தாலே மயங்கி விழுகிற ஜென்மம் அது.

பள்ளி, ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவர் முழுக்கச் சிரிக்கிற நர்ஸ்களின் படம். அந்தப் படத்தில் இருப்பவர்களில் ஒருத்திகூட அங்கே படித்தவள் இல்லை. செய்முறைக் கூடம் என்று ஓர் அறை உண்டு. அங்கே போட்டிருந்த கட்டில்களின் மெத்தைகளுக்குக் கடையில் மாட்டிய பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. பழகுவதற்கு ஒரு ரப்பர் பொம்மையும் இருந்தது. ஊசி போடுகிற கை எப்போதோ கழன்று விழுந்துவிட்டதால், பொம்மை ஒரு மூலையிலும் கை பீரோவிலுமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

பெற்றோர் பள்ளியைச் சுற்றிப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மைக்கின் மூளை வேலை செய்யும். அன்று மாணவிகளிலேயே சிலருக்குத் தலையிலும் காலிலும் கட்டுப் போட்டுக் கட்டிலில் படுக்க வைத்துவிடுவார். மற்றவர்கள் வெள்ளை உடுப்பில் சுற்றி நின்று நாடி பிடிப்பார்கள், போர்வையை இழுத்துவிடுவார்கள். வருகிறவர்கள் அதைப் பள்ளியின் சொந்த ஆஸ்பத்திரி என்றே நினைத்துக்கொள்வார்கள். இவர் அப்படி வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லாமலேயே அடுத்தவர் தலையில் மிளகாய் அரைத்துவிட்டோமே என்று மனிதருக்கு அதில் ஒரு பெருமை வேறு.

தலைக்கட்டோடு முதல் கட்டிலில் படுப்பவள் அவர் மனைவியின் அக்கா மகள். போன வருஷம் அவர்தான் பேசிப் பேசிக் கரைத்து அங்கே சேர்த்துவிட்டார். சொந்தக்காரப் பெண், மறுபேச்சுப் பேசாதவள்.

"லேசா முனகினா போதும்மா. ரொம்ப வேண்டாம், பயந்துடுவாங்க."

"சரிங்க சித்தப்பா."

ஒரு தடவை, மகளைச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்த ஒரு தாய், அந்தக் கட்டைப் பார்த்துக் கண் கலங்கிப்போய், தன் பையிலிருந்த ஆப்பிளை எடுத்துக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள். அவள் மகளும் அங்கேயே சேர்ந்தாள். ஆப்பிளை மைக் தின்றார்.

அங்கே படித்து முடித்தால் பொன்னிற எழுத்தில் ஒரு சான்றிதழ் தருவார்கள். பார்க்கக் கல்யாணப் பத்திரிகை தோற்றுவிடும். ஆனால் நர்ஸ்களைப் பதிவு செய்கிற கவுன்சிலில் அதைக் கொண்டுபோய் நீட்டினால் கையில்கூட வாங்க மாட்டார்கள். பதிவு இல்லாதவளை எந்த ஆஸ்பத்திரியும் நர்ஸ் வேலைக்கு எடுக்காது. படித்து முடித்த பெண்கள் துணிக்கடையில் புடவை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்பதை மைக்கே பார்த்திருக்கிறார். பார்த்தால் அடுத்த கடைக்குள் நுழைந்துவிடுவார். மற்றபடி அவருக்கு வேளாவேளைக்குப் பசித்தது, படுத்தால் தூக்கம் வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், பள்ளிப் படிப்பை முடித்த அவருடைய ஒரே மகள் சாப்பிடும்போது சொன்னாள்.

"அப்பா, நானும் நர்சிங் சேரப் போறேன். உங்க ஸ்கூல்லயே."

மைக்குக்குப் புரையேறிவிட்டது. மனைவி தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

மகள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது கூட இருந்தவள் அவள்தான். வலிக்காமல் எப்படித் தூக்கி உட்கார வைப்பது, எந்தப் பக்கம் தலையணை கொடுப்பது என்று ஒரு நர்ஸ் அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அப்பாதான் தினம் சாப்பாட்டு நேரத்தில் தன் பள்ளியைப் பற்றி வாய் ஓயாமல் அளப்பாரே, வேறு எங்கே போய்த் தேடுவாள் பாவம்.

இத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளை வாரிப் போட்டபோது வராத பதற்றமெல்லாம் அன்று மொத்தமாக வந்தது. நல்ல பள்ளி எது என்று மைக்குக்கு நன்றாகவே தெரியும். பெரிய ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு பழைய பள்ளி இருந்தது. சுண்ணாம்பு உதிரும் சுவர், காலாட்டும் நாற்காலி, சிரிக்கவே தெரியாத ஒரு முதல்வரம்மா. ஆனால் மாணவிகளை முதல் வருஷமே வார்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். நிஜ நோயாளி, நிஜ வேலை. வருஷக்கணக்காக வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பள்ளியைக் கரித்துக் கொட்டியவர், மறுநாள் பூனை மாதிரி போய் அங்கே விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்தார்.

"இதுல எழுதிப் போடும்மா."

மகள் வாங்கிப் பார்த்தாள். "இங்கயா? இங்க போனா பெட்பேன் கழுவியே காலம் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது சும்மா சொன்னது."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். பெரியவங்க பேச்சுல ஆயிரம் இருக்கும்."

"பெரியம்மா வீட்டு அக்கா உங்க ஸ்கூல்லதானே படிக்கிறா. ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டு ஒண்ணா வருவோம்ப்பா. எனக்கு அங்கதான் வேணும்."

மாடிப்படி அதிகம் என்றார். டயர் நாற்றம் உடம்புக்கு ஆகாது என்றார். அப்பா வேலை செய்கிற இடத்தில் மகள் படித்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார். ஊரையெல்லாம் காது குளிரப் பேசிக் கவிழ்த்த வாய், பெற்ற மகளிடம் எடுபடவில்லை. விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாளும் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த ஸ்கூல் சரியில்லம்மா. அங்க குடுக்கிற சர்டிபிகேட்ட எவனும் மதிக்க மாட்டான். கவுன்சில்ல பதியவே மாட்டாங்க. உன் வாழ்க்கை வீணாப் போயிடும்."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"அப்போ அக்கா பொண்ணு?"

"அவளுக்கு மார்க் கம்மி. வேற எங்க கிடைக்கும்?"

"அவ மார்க்க நீங்க பார்த்தீங்களா? பார்க்காமலேதானே சேர்த்தீங்க."

மைக் கையிலிருந்த விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எங்கக்கா முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?"

"சொன்னாத்தானே தெரியும். வாயை மூடிட்டு இரு."

அவளும் மூடிக்கொண்டுதான் இருந்தாள். எங்கே மகள் காரியம் கெட்டுவிடுமோ என்று பயம். அக்கா போன் செய்தால் வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிடுவாள். புருஷனுக்கேற்ற பெண்டாட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பழைய பள்ளியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எதற்கு நர்ஸ் ஆகவேண்டும் என்று முதல்வரம்மா கேட்டதும், "அதாவது மேடம், சேவை மனப்பான்மைங்கிறது எங்க குடும்பத்துல..." என்று மைக் வெண்ணெயை எடுத்தார்.

"உங்ககிட்ட கேக்கல. நீங்க வெளிய உக்காருங்க."

வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உள்ளே மகள், அம்மாவைத் தூக்கி உட்கார வைத்த கதையைத் திக்கித் திணறிச் சொல்லி, இடமும் வாங்கிவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் மைக், தானே பேசி வாங்கிக் கொடுத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். வெட்கம் என்பது சிலருக்கு ரேஷனில்கூடக் கிடைப்பதில்லை.

அந்தப் பள்ளியின் விடுதிக்கு மகள் கிளம்புகிற அன்று, பெட்டி கட்ட உதவி செய்ய அக்கா மகள் வந்தாள். துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டி, அவ்வளவு தூரம் போய்க் கிடக்கணுமா? என்கூட வந்தா என்ன?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மைக்கைப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள் அம்மா.

"நம்ம ஸ்கூல்ல சீட்டு முடிஞ்சுபோச்சும்மா," என்றார் மைக்.

"சீட்டா? எங்க கிளாஸ்ல பாதி பெஞ்சு காலியாத்தானே சித்தப்பா கிடக்கு." அவர் கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தாள் அவள். வேறு யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

மகளுக்குத் தாங்கவில்லை. "அந்த சர்டிபிகேட்ட கவுன்சில்ல பதிய மாட்டாங்களாம்க்கா. அதை வச்சு வேலை கிடைக்காதாம். அப்பாவேதான் சொன்னாரு. அதான் என்னை அங்க விடல."

மடித்துக்கொண்டிருந்த துண்டை அக்கா மகள் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான் சேர்றப்பவே உங்களுக்குத் தெரியுமா சித்தப்பா?"

மைக் ஜன்னலைப் பார்த்தார். பதில் சொன்னது அவர் மனைவி. "தெரியும்டி. எனக்கும் ஒரு மாசமாத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

அந்தப் பெண் அழுவாள், கத்துவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் துண்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே, மெதுவாகத்தான் பேசினாள்.

"என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவ ஒருத்தி, அப்பா இல்லாத பொண்ணு. அவங்க அம்மா அந்தப் பழைய ஸ்கூல்லதான் சேர்க்கறதா இருந்தாங்க. நான்தான் போய்ப் பேசி, போன வாரம் நம்ம ஸ்கூல்ல சேர்த்துவிட்டேன். என்னை நம்பித்தான் விட்டாங்க. நீங்க எங்கம்மாகிட்ட சொன்னதை, ஒரு வார்த்தை விடாம அப்படியே சொன்னேன் சித்தப்பா."

மைக்குக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தொண்டை அடைத்தது. அடைத்தது நிஜம்தான், அதை நான் மறுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். தொண்டையை ஒரு தடவை செருமிச் சரி செய்துகொண்டார். உள்ளே இருந்த மூவருக்கும் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது.

"வணக்கம்மா, சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் சீட்டுதான் இருக்கு. நாளைக்கே பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடுங்க."