அண்ணன் பெயருக்கு வந்த அட்டைகள்

அண்ணனின் புது வீட்டுக் கூடத்தில் எங்கள் பழைய ரேடியோவைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதன் தோலுறையின் புழுங்கிய வாடை மூக்கில் ஏறியதும், என்றைக்கோ இடித்துவிட்ட வண்டியூர் வீட்டு மாடியறைக்குப் போய்விட்டேன்.

பொழுது சாய்ந்தால்தான் மீடியம் வேவில் தூரதேசத்து நிலையங்கள் தலைகாட்டும். துணி காயப்போடும் கம்பியையே ஏரியலாக்கி, முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இரைச்சலுக்கு அடியில் கேட்கும் மணியோசையையும் அறிவிப்பவரின் இருமலையும் பாட்டு முடிந்த நிமிடத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பேன், ஏனென்றால் நாம் எழுதி அனுப்புவது அவர்கள் ஒலிபரப்பியதோடு ஒத்துப்போனால்தான், கேட்டது உண்மை என்று உறுதிசெய்து படம்போட்ட அட்டை அனுப்புவார்கள். அந்நேரம் அண்ணன், தண்ணீரில்லாத தெப்பக்குளத்துக்குள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான்.

"பொம்பளப் பிள்ள பேருக்கு வெளிநாட்டுக் கடுதாசி வந்தா தெருவே பேசும். அண்ணன் பேரப் போடு" என்றார் அப்பா. போட்டேன். அட்டைகள் வந்துகொண்டே இருந்தன, எல்லாம் அவன் பெயருக்கு.

இப்போது அவை ரேடியோவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. நான் கொடுத்த காப்பியைக் குடித்தபடி அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணியின் தம்பி, "இம்புட்டுத் தூரத்து ஸ்டேஷன எப்பிடிப் பிடிச்சீங்க மச்சான்?" என்று கேட்டான்.

"அதுக்குன்னு ஒரு காது வேணும் மாப்ள" என்றான் அண்ணன்.

நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.