சம்பந்தி வீட்டுப் பிரூஸ் கல் காப்பு

தனேஸ்வரிக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பார்கள். அன்றைக்கு வந்த கோபத்துக்கு மூக்கு போதவில்லை.

மலேசியாவில் அசாம் ஜாவா பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவள். ரவாங்கில் ஒரு நகைத் தொழிற்சாலையில் இருபத்தொரு வருஷம் அரம் பிடித்தாள். அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு நகையிலும், இரண்டு பாதி அச்சும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு நிற்கும். அதை ராவி எடுப்பதுதான் வேலை. விரலில் காய்ப்பு இன்னும் இருக்கிறது.

அவள் பெற்ற மகளைத்தான் சம்பந்தி இராஜம்மா திருடி என்றாள்.

இராஜம்மாவிடம் ஒரு ஜோடி வெள்ளிக் காப்பு இருந்தது. நடுவில் நீலமும் பச்சையும் கலந்த பிரூஸ் கல். மாமியார் காலத்தது, தட்டான் கையால் அடித்தது என்று ஒரே பீற்றல். கல்யாணத்தன்று ஒன்றை மருமகள் நித்தியாவுக்குப் போட்டாள். மற்றதை வரப்போகும் இளைய மருமகளுக்கென்று அலமாரியில் பூட்டினாள். போன வாரம் மெருகு போடக் கொண்டுபோன நித்தியாவிடம் கடைக்காரர், "இது அச்சு வேலைலா" என்றிருக்கிறார். வெள்ளந்தியாக வீட்டில் வந்து சொன்னாள். அவ்வளவுதான். அசலை விற்றுவிட்டுப் போலியை மாட்டிக்கொண்டு வந்தாள் என்று குடும்ப வாட்சப் குரூப்பில் இராஜம்மா குரல் பதிவு போட்டுவிட்டாள். நாற்பத்திரண்டு பேர் கேட்டார்கள். கட்டின புருஷன் யுவனேஸ்வரன் வாயில் கொழுக்கட்டை.

மறுநாள் காலையே தனேஸ்வரி புஞ்சாக் ஆலாமில் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சம்பந்தியம்மா, அலமாரில இருக்குற இன்னொன்ன எடுங்க."

"அது எதுக்கு? அது வேற யாரு கையும் படாதது."

"அதனாலதான் கேக்குறேன்."

நித்தியா கழற்றித் தந்ததையும் சேர்த்து இரண்டையும் தனேஸ்வரி மேசையில் வைத்துத் திருப்பினாள். உட்புறத்தில் ஊசி குத்தினாற்போல் பொடித் துளைகள், வார்ப்பில் காற்றுக் குமிழ் விட்டவை. அச்சுக் கோட்டை எவளோ அரைகுறையாக ராவியிருந்தாள். கல்லைச் சுற்றிய பூவில், மூன்றாவது இதழில், எள்ளளவு வெள்ளிக் கட்டி. இரண்டு காப்பிலும் அதே இதழில் அதே கட்டி.

"கைவேலைன்னா ரெண்டும் கொஞ்சமாச்சும் மாறும். ஒரே தப்ப ஒரே எடத்துல அச்சுதான் ரெண்டு தடவ செய்யும். தொட்டுப் பாருங்க. ஒங்க பூட்டுக்குள்ள இருந்ததையும் எம்மவதான் மாத்துனாளா?"

இராஜம்மா இரண்டையும் தடவித் தடவிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது.

"சரி விடுங்க சம்பந்தி. தெரியாம பேசிட்டேன். டீ கலக்குறேன்."

விடுவதாம்! மகள் நேற்றிலிருந்து சோறு தின்னவில்லை.

"டீ இருக்கட்டும். போன எடுங்க. அதே குரூப்புல, அதே வாயால சொல்லுங்க."

"அத்தை..." என்று இழுத்தான் யுவனேஸ்வரன்.

"நீங்க பேசாதீங்க மாப்பிள்ளை. பேச வேண்டிய நேரத்துல பேசல."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இராஜம்மா இரண்டு முறை தொண்டையைச் செருமி, நித்தியா மேல் தப்பில்லை, காப்பு முதலிலிருந்தே அச்சு வேலைதான் என்று சொல்லிப் பதிவை அனுப்பினாள். பிறகு காப்பை எடுத்துக்கொண்டு, மறுபடி போட்டுவிட மருமகளிடம் வந்தாள்.

நித்தியா கையை நீட்டவில்லை.