மாடி வகுப்பு

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் நான் கல்லூரியில் படித்தபோது, வெளிநாட்டு நகரங்களை எப்படித் திட்டமிடுகிறார்கள் என்று ஒரு பாடம் இருந்தது. போலியோவால் நடக்க முடியாத தோழி செல்வியைத் தினமும் மாடி வகுப்புக்குத் தூக்கிப் போவது நாங்கள்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று ஆசிரியை ஸ்வீடன் தெரு ஒன்றின் படத்தைக் காட்டினார். ஒரு கட்டட வாசலில் படிக்குப் பதில் சாய்தளம். சக்கர நாற்காலியில் ஒரு பெண் தனியாக ஏறிக்கொண்டிருந்தாள்.

"யாரும் தூக்க வேணாமா?" என்றாள் செல்வி. பிறகு என் பக்கம் திரும்பி, "இங்க பாத்ரூம் கீழதான இருக்கு. உங்கள மறுபடி தூக்கச் சொல்லக் கூச்சப்பட்டு, காலையில தண்ணி குடிக்காமத்தான் வாரேன்டி" என்றாள்.

அதுவரை குறை அவள் காலில் என்றே நினைத்திருந்தேன். அந்தப் படிக்கட்டை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.