சுவரில் ஏறிய அம்மா

1994 ஜூலை 16, சனிக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். வாசல் கூட்டினேன். குழாயில் நான்கு குடம் தண்ணீர் பிடித்தேன். பலாத்தோலை நறுக்கி மாட்டுக்கு வைத்தேன். அத்தை குச்சிக்கிழங்கு அவித்தாள். தம்பி ஒரு துண்டு, நான் மூன்று. பள்ளிக்கூடம் லீவு. மழை இல்லை.

பத்து வயதில் நான் எழுதிய நோட்டில் அந்த நாள் இப்படித்தான் தொடங்குகிறது. நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை மட்டும் புதிது.

அதற்கு ஆறு வாரம் முன்பு, ஜூன் 4 அன்று, அம்மாவை வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன் செய்ய அப்பா நாமக்கல்லுக்கு அழைத்துப் போனார். எங்களைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்தாள். தம்பிக்கு அப்போது ஐந்து வயது. பஸ் ஜன்னலிலிருந்து அம்மா அவன் தலையைத் தடவி, "அழுவாத சாமி. ஒவ்வொரு வளைவா ஏறி அம்மா வந்துருவேன்" என்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் கேட்டது. பஸ் கிளம்பியதும் மறந்துவிட்டேன்.

எங்கள் வீடு மலைப்பாதையின் கடைசி வளைவுக்குச் சற்று மேலே இருந்தது. வாசலில் நின்றால் பஸ் திரும்புவது தெரியும். அம்மா போன மறுநாள் தம்பி அடுப்புக்கரியால் உள்சுவரில் ஒரு படம் போட்டான். தரையிலிருந்து அவன் கை எட்டும் உயரம் வரை ஒரே கோடு, குடல் மாதிரி மடிந்து மடிந்து ஏறியது. அடியில் ஓர் உருவம். தலையிலிருந்தே இரண்டு கால்கள், காதிருக்கும் இடத்தில் இரண்டு பெரிய கைகள்.

வளைவுகளை எண்ணினேன். "ரோட்டில் எழுபது வளைவு. இவன் போட்டது நாற்பத்தைந்து. தப்பு" என்று குறித்துக்கொண்டேன்.

"இது ஆரு?"

"அம்மா."

"வவுறு எங்கடா?"

"வவுத்த ஆசுபத்திரில வெச்சிருக்காங்கக்கா. சரியானதும் குடுத்துருவாங்க."

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். தண்ணீர்க் குழாய்க்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆளை எப்படி வரைய வேண்டும் என்று சிலேட்டில் போட்டுக் காட்டினேன். கழுத்து, உடம்பு, பொத்தான் வைத்த சட்டை. மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

தினமும் காலையில் எழுந்ததும் அவன் நேரே சுவருக்குத்தான் போவான். கட்டைவிரலை எச்சிலில் நனைத்துப் பழைய உருவத்தைத் தேய்ப்பான். அடுத்த வளைவில் புதிதாக ஒன்று போடுவான். தேய்த்த இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக நின்றது. எனக்கு அது அழுக்காகத் தெரிந்தது. பொங்கலுக்கு அம்மாவும் நானும் சேர்ந்து சுண்ணாம்பு அடித்த சுவர். ஜூலை 2 அன்று, யாரும் சொல்லாமலே, தேங்காய் நாரும் தண்ணீரும் எடுத்து முழுவதையும் கழுவினேன். உருவம் அப்போது இருபத்தெட்டாவது வளைவில் இருந்தது.

தம்பி அன்று பகல் முழுக்க அழுதான். என்னவென்று சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. வயிற்று வலியாக இருக்கும் என்று அத்தை ஓமத்தண்ணீர் கொடுத்தாள். மறுநாள் எழுந்து பாதையை மறுபடி போட்டான். உருவத்தை அடியிலிருந்து தொடங்கினான்.

ஜூலை 16 பகல் பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். முன்கூட்டித் தகவல் இல்லை. அம்மா பாதியாக இளைத்திருந்தாள். அத்தை திருஷ்டி சுற்றிப் போட்டாள். நான் பையை வாங்கிக்கொண்டேன். அம்மா பாயில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வா சாமி."

தம்பி கதவை ஒட்டி நின்றான். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல, "எங்கம்மா இன்னும் வரலீங்க" என்றான்.

"பெத்தவளத் தெரியலயா? கூறு கெட்டவனே!" என்று அத்தை அவனைப் பிடித்துத் தள்ளினாள். அவன் கதவின் நாதாங்கியை இறுகப் பற்றிக்கொண்டான். பேளுக்குறிச்சியில் வாங்கிய பொரி உருண்டையை அப்பா காட்டிப் பார்த்தார். அதற்கும் வரவில்லை.

"நாந்தான் கண்ணு, பாரு."

"இல்லீங்க. அம்மா அங்க இருக்குது" என்று சுவரைக் காட்டினான்.

அம்மாவின் நீட்டிய கைகள் மடியில் விழுந்தன. அவள் அப்படி முகம் சுருங்கி நான் பார்த்ததில்லை. ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட சிரித்துக்கொண்டுதான் போனாள். வெகுநேரம் சுவரையே பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"இத எப்பருந்து போடறான் கண்ணு?"

நோட்டை எடுத்து வந்து படித்தேன். ஜூன் 5 முதல் தினமும். ஜூலை 2 அன்று நான் கழுவிவிட்டேன். 3 முதல் மறுபடி. இன்று பதினான்காவது வளைவு. எல்லாம் சரியாகச் சொன்னதற்குப் பாராட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"கழுவிட்டயா..." என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. அன்று தம்பி அவளிடம் போகவே இல்லை. அத்தையிடம்தான் சோறு வாங்கித் தின்றான்.

இன்று நான் இதே மலையில் ஓர் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். தலையிலிருந்து கால் முளைத்த மனிதர்களை அன்றாடம் பார்க்கிறேன். ஒருவரையும் திருத்துவதில்லை. ஒவ்வொரு முறையும் அந்தச் சுவர் நினைவுக்கு வந்து கைகட்டி நிற்கத் தோன்றுகிறது. எண்ணத் தெரியாத ஓர் ஐந்து வயதுப் பிள்ளை, எதற்கென்று யாரிடமும் சொல்லாமல், தன் தாயைக் கட்டைவிரலால் நாளுக்கு ஒரு வளைவாக மலையேற்றிக்கொண்டிருந்தான். நான் அவளை அடிவாரத்துக்குத் தள்ளினேன். அவன் மறுபடி முதலிலிருந்து ஏற்றத் தொடங்கினான்.

ஆனால் அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. மறுநாள், ஜூலை 17, நோட்டில் முதல் வரி இது: "5.50. அம்மா ரோட்டுக்குப் போனாள்."

வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கிப் போனாள். "டாக்டரு நடக்க வேண்டாம்னு சொன்னாருல்ல!" என்று அப்பா வாசலிலிருந்து கத்தினார். அவள் திரும்பவில்லை. கடைசி வளைவைத் தாண்டிக் கண்ணில் மறைந்தாள். பிறகு, கீழிருந்து வருகிறவளாக, வளைவைச் சுற்றி ஏறி வந்தாள்.

தம்பி கரித்துண்டோடு சுவருக்குப் போகும் வழியில் வாசலைப் பார்த்தான். அசையாமல் நின்றான். பிறகு ஓடி வந்து கட்டைவிரலை நனைத்துப் பதினான்காவது வளைவில் இருந்த உருவத்தைத் தேய்த்தான். குதிகாலை உயர்த்தி, பாதை முடியும் உச்சியில் அவசர அவசரமாக ஓர் உருவம் போட்டான். தலை, கை, கால். நடுவே பெரிதாக, உருண்டையாக ஒரு வயிறு. கரியைப் போட்டுவிட்டு "அம்மா" என்று கத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான்.

சுவர் முன்னைவிட அழுக்காகிவிட்டதே என்று நான் தேங்காய் நாரை எடுத்து நனைத்தேன். அவனை இடுப்பருகே அணைத்தபடி உள்ளே வந்த அம்மா என் கையிலிருந்து அதை வாங்கித் தூர வைத்தாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. "சுவர் கழுவவில்லை" என்று மட்டும் நோட்டில் எழுதினேன்.